என்னைவிட நன்றாகப் பேசுகிற ஒருவன் சபைக்கு வந்துவிட்டான், நான் விலகிவிடட்டுமா?

தம்பி, பொறாமையை ஜெயிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருப்பதை முழுதாகப் படித்தால் கேள்வி அத்தோடு நிற்கவில்லை. மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 24 வயது. ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் நான்கு வருடமாக வாலிபர் சங்கச் செயலாளர். சென்னையில் படித்துவிட்டு வேலைக்காக உங்கள் ஊருக்கு வந்த ஒரு பையன், ஏறக்குறைய உங்கள் வயதுதான், ஆறு மாதமாகச் சபைக்கு வருகிறான். கீபோர்டு வாசிக்கிறான், தமிழிலும் ஆங்கிலத்திலும் நன்றாகப் பேசுகிறான். கூட்டம் முடிந்தால் பிள்ளைகள் அவனைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். வாலிபர் ஞாயிறு அன்று செய்தி கொடுக்கும் பொறுப்பு எப்போதும் உங்களிடம் வரும். இந்த முறை குருவானவர் அதை அவனிடம் கொடுத்துவிட்டார். நோட்டீஸ் அச்சாகி வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். அப்புறம் ஒரு ஞாயிறு, அவன் பாட்டில் சுருதி தப்பியது. உங்களுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் பயந்துபோயிருக்கிறீர்கள். 'இப்படிப்பட்ட மனசோடு ஊழியம் செய்யலாமா, ராஜினாமா செய்துவிடட்டுமா' என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம் பல சேகரங்களில் (ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் சபைகளின் தொகுதிதான் சேகரம்) குருவாக இருந்து ஓய்வு பெற்றவன். மதுரை அரசரடியில் இறையியல் படித்தேன், பிற்பாடு ஆலோசனை ஊழியத்தில் கொஞ்சம் பயிற்சியும் எடுத்தேன். மனநல மருத்துவன் அல்ல. உங்கள் சபையையோ உங்கள் குருவானவரையோ அந்தப் பையனையோ எனக்குத் தெரியாது. உங்கள் பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், எனக்குச் சந்தேகமே இல்லாத ஒன்று. உங்களுக்கு வந்திருப்பது விசித்திரமான வியாதி எதுவும் இல்லை. பொறாமை தூரத்து மனிதர்மேல் வருவதில்லை, பக்கத்தில் இருப்பவர்மேல்தான் வரும். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயராக இருந்த பசிலியார் பொறாமையைப் பற்றியே ஒரு பிரசங்கம் செய்திருக்கிறார். சித்தியர் எகிப்தியர்மேல் பொறாமைப்படுவதில்லை, அவரவர் தன் தன் ஜனத்தாரைப் பார்த்தே பொறாமைப்படுகிறார்கள், அதிலும் தெரிந்தவர், பக்கத்து வீட்டார், ஒரே தொழில் செய்கிறவர்மேல் என்று அதில் சொல்கிறார். 1954ல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதன் தன்னை மதிப்பிட தன்னைப் போன்றவர்களோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறான் என்று எழுதினார். அதன் பிறகு 1980களில் ஆபிரகாம் டெஸ்ஸர் என்பவர் இன்னொன்றைச் சேர்த்தார். நெருக்கமான ஒருவர் நமக்கு முக்கியமில்லாத துறையில் ஜெயித்தால் நமக்குப் பெருமை, நாம் நம் அடையாளமாக வைத்திருக்கும் துறையிலேயே ஜெயித்தால் நமக்கு வலி. உங்கள் விஷயத்தில் வைத்துப் பாருங்கள். டி.வி.யில் வரும் பெரிய பிரசங்கியார்மேல் உங்களுக்குப் பொறாமை இல்லை. அந்தப் பையன் கிரிக்கெட்டில் சேகரத்துக்கே கோப்பை வாங்கித் தந்திருந்தால், 'எங்க சபைப் பையன்' என்று நீங்கள்தான் முதலில் ஸ்டேட்டஸ் வைத்திருப்பீர்கள். அவன் வந்து நின்ற இடம் நீங்கள் நின்ற இடம். அதனால்தான் குத்துகிறது.

இரண்டாவது, அந்தச் சந்தோஷம் பாவமா என்பது. பொறாமை பாவம் என்பதில் வேதத்தில் இரண்டு பேச்சு இல்லை. கலாத்தியர் 5ல் மாம்சத்தின் கிரியைகள் பட்டியலில் அது கொலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. 'பொறாமையோ எலும்புருக்கி' என்று நீதிமொழிகள் 14:30 சொல்வதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் கேட்காமலே மனதில் பளிச்சென்று வந்துபோகும் அந்த முதல் நொடியே பாவமா, அதை உட்கார வைத்துச் சோறு போட்ட பிறகுதான் பாவமா என்பதில் போதகர்களிடையே ஒத்த கருத்து கிடையாது. நான் இரண்டாவது கட்சி. வந்த நொடியைக் கண்டு நீங்கள் பயந்தீர்களே, அந்தப் பயமே மனசாட்சி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். என்னிடம் வந்த சிலர் அந்தச் சந்தோஷத்தை நியாயம் என்றே பேசினார்கள். அவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை வந்தது.

இதில் 1 சாமுவேல் புத்தகத்தில் வரும் சவுல் ராஜாவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாம் சண்டே ஸ்கூலில் கேட்ட வேகத்தில் முக்கியமானவை நழுவிப் போகின்றன. கோலியாத்து விழுந்து, படை திரும்பி வருகிறது. பெண்கள் ஆடிப்பாடி, 'சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்' என்று முறைமுறையாகப் பாடுகிறார்கள். எபிரெயக் கவிதையில் ஆயிரமும் பதினாயிரமும் ஜோடியாக வருவது வழக்கம். சங்கீதம் 91ல் 'உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும்' என்று வருகிறதே, அங்கே யாரும் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடுவதில்லை. ஆகவே அந்தப் பெண்கள் ராஜாவையும் வாலிபனையும் சேர்த்தே புகழ்ந்திருக்கலாம், சவுல்தான் அதைக் கணக்காகக் கேட்டான் என்று சில வேத அறிஞர்கள் சொல்வார்கள். இது உறுதி இல்லை. பிற்பாடு பெலிஸ்தரே அந்தப் பாட்டைச் சொல்லித் தாவீதைப் பெரியவன் என்று பேசுகிறார்கள், அதனால் ஒப்பீடு இருந்தது என்பவர்களும் உண்டு. உறுதியாகத் தெரிவது 18:9 சொல்வது: அந்நாள்முதற்கொண்டு சவுல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான். அன்றிலிருந்து அவன் வேலையே தாவீதைப் பார்ப்பதாகப் போய்விட்டது. நீங்களும் அந்தப் பையனின் ரீல்ஸுக்கு எத்தனை லைக் விழுந்தது என்று பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே நிறுத்தலாம். அவனை அன்ஃபாலோ செய்ய வேண்டாம், அது தெரிந்துபோய் வேறு பேச்சாகும். மியூட் போட்டுவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

மறுநாளே ஈட்டி பறக்கிறது. தாவீது வழக்கம்போல சுரமண்டலம் வாசித்துக்கொண்டிருக்கும்போது! ஆனால் சவுலின் பொறாமையில் எனக்கு அதிகப் பயம் தருவது ஈட்டி அல்ல, 18:13. ஈட்டி தவறிய பிறகு சவுல் தாவீதைத் தன்னிடமிருந்து அப்புறப்படுத்தி, ஆயிரம் பேருக்கு அதிபதியாக்குகிறான். வெளியிலிருந்து பார்த்தால் பதவி உயர்வு. உள்ளே, கண்ணில் படாமல் போ என்பது. சபைகளில் ஈட்டி எறிகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 'தம்பிக்கு நல்ல தாலந்து இருக்கு, கிளைச் சபையில ஊழியம் செய்யட்டுமே' என்று மரியாதையாக அனுப்பி வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, யோனத்தானுக்கு வருவோம். யோனத்தானைப் பற்றிப் பேசினால் 'நல்ல நண்பன்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவன் யார் என்று யோசியுங்கள். அரசனின் மகன், பட்டத்துக்கு உரியவன். 14ஆம் அதிகாரத்தில் ஆயுததாரி ஒருவனை மட்டும் கூட்டிக்கொண்டு பெலிஸ்தரின் தாணையத்துக்கு ஏறிப்போய் ஏறக்குறைய இருபது பேரை வீழ்த்தியவன். தாவீது வருவதற்கு முன்னால் இஸ்ரவேலில் வீரன் என்றால் அவன்தான். தாவீதின் வருகையால் சவுலுக்குப் புகழில் ஒரு பங்குதான் நஷ்டம், யோனத்தானுக்கு எதிர்காலமே நஷ்டம். பொறாமைப்பட யாருக்காவது காரணம் இருந்தது என்றால் அவனுக்குத்தான். இன்னொரு தகவல் 13ஆம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. பெலிஸ்தர் கொல்லரே இல்லாமல் செய்துவிட்டதால், யுத்த நாளில் ஜனத்தில் ஒருவர் கையிலும் பட்டயமும் ஈட்டியும் இல்லை, சவுலிடமும் யோனத்தானிடமும் மட்டும் இருந்தன. அந்த இரண்டு பேரும் 18ஆம் அதிகாரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மகன் சால்வையைக் கழற்றுகிறான், பட்டயத்தையும் வில்லையும் கச்சையையும் சேர்த்து தாவீதிடம் கொடுக்கிறான். அப்பா ஈட்டியை எறிகிறான். யோனத்தானுக்கு மனதில் என்ன ஓடியது என்று வேதம் விவரமாகச் சொல்லவில்லை. தாவீதை நேசித்தான் என்கிறது, கொடுத்தான் என்கிறது. பொறாமையின் சாயலே அவனுக்கு வரவில்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கையால் என்ன செய்தான் என்பது மட்டும் எழுதியிருக்கிறது.

நான் பார்த்த அனுபவத்திலும் பொறாமை மனதுக்குள் ஜெயிக்கப்படுவது அபூர்வம், கையால்தான் தோற்கிறது. அதனால் கையில் என்ன நடக்கிறது என்று முதலில் கவனியுங்கள். சபைப் பொறாமை வேலைக்கு வரும்போது வெள்ளை உடுத்திக்கொண்டுதான் வரும். ஒரு சேகரத்தில் கேரல் ரவுண்ட்ஸ் சமயம், பாட்டுக் குழுவில் இரண்டு பையன்கள். ஒருவன் பழையவன், லிஸ்ட், வேன், பெட்ரோமாக்ஸ் காலத்திலிருந்து வரும் அந்த வீட்டு வரிசை எல்லாம் அவன் கையில். இன்னொருவன் புதிதாக வந்த கிட்டார் பையன். புறப்படும் நேரம் ஏழிலிருந்து ஆறரைக்கு மாறியது. எல்லாருக்கும் தகவல் போனது, கிட்டார் பையனுக்குப் போகவில்லை. 'குரூப்ல போட்டேனே, அவன் பார்க்கல போல' என்றான் பழையவன். குரூப்பில் போட்டது உண்மைதான். மற்றவர்களுக்கெல்லாம் தனியாகப் போனும் செய்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அதே பையன் அடுத்த வாரம் ஜெபக் கூட்டத்தில், 'அந்தத் தம்பிக்காகக் கொஞ்சம் பாரமா ஜெபிச்சுக்கோங்க, பெருமை வந்துடக் கூடாது' என்றான். கண்ணில் தண்ணீர் வேறு. அவன் நடிக்கவில்லை என்றே நான் நம்புகிறேன். அதுதான் இதில் கஷ்டம். போன் செய்யாமல் விட்டது, மைக் வால்யூமைக் கொஞ்சம் குறைத்து வைத்தது, நோட்டீஸில் பெயரைக் கடைசியில் போட்டது, ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் குறை சொன்னது. நீங்கள் இதில் எதையாவது செய்திருந்தால் அதை நிறுத்துங்கள், முடிந்தால் சரிசெய்யுங்கள். எதையும் செய்யவில்லை என்றால், மனதில் வந்துபோனதை மட்டும் வைத்து உங்களைச் சவுல் என்று தீர்த்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, நீங்கள் பொறாமை என்று ஒரே பெயரில் கட்டிவைத்திருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இருப்பது எல்லாமே பொறாமை இல்லை. நான்கு வருடம் நீங்கள் செய்த பொறுப்பை உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றியது உங்களுக்கு நடந்த ஒரு குறை. குருவானவருக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஒரே ஆள் வருடா வருடம் பேச வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். வேலை மும்முரத்தில் மறந்தும் போயிருக்கலாம், ஒரு குரு பார்க்க வேண்டியிருக்கிற சபைகளின் எண்ணிக்கைக்கு அது சகஜம். காரணம் எதுவானாலும், சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் குருவானவர்மேல் இருக்க வேண்டியது. அவரிடம் காட்ட முடியாததால் அந்தப் பையன்மேல் போய் இறங்கியிருக்கிறது. ஆலோசனைக்கு வரும் வாலிபர்களிடம் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். பொறாமை என்று அழுதுகொண்டு வருவார்கள், பாதி அளவு பெரியவர்கள்மேல் உள்ள மனத்தாங்கலாக இருக்கும். அதற்கு உபவாசம் மருந்து இல்லை, நேரில் போய்ப் பேசுவதுதான் மருந்து. பேசும்போது அந்தப் பையன் பெயரை எடுக்காதீர்கள். 'ஐயா, செய்தி யார் கொடுக்கணும்னு முடிவு பண்றது உங்க பொறுப்பு. நோட்டீஸ்ல பார்த்துத்தான் எனக்குத் தெரிஞ்சது, அது எனக்கு வருத்தமா இருந்துச்சு. அடுத்த தடவை முன்னாலயே சொல்லிட்டா நல்லா இருக்கும்.' இவ்வளவு போதும். அவன் பெயர் வந்த நிமிடமே அது புகாராகிவிடும், நீங்கள் சொல்வதில் உள்ள நியாயமும் கூடவே போய்விடும்.

உங்களுக்கு ஆதரவாகப் பேசுகிற நண்பர்கள் இருப்பார்களே, அவர்களிடமும் கொஞ்சம் ஜாக்கிரதை. எண்ணாகமம் 11ல் எல்தாத், மேதாத் என்ற இரண்டு பேர் பாளயத்துக்குள்ளேயே தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். அதைக் கேட்டு அவர்களைத் தடைபண்ணும் என்று கொதித்தது மோசே இல்லை, வாலிபனான யோசுவா. மோசே, நீ எனக்காக வைராக்கியம் காட்டுகிறாயா என்று கேட்டு, ஜனங்கள் எல்லாருமே தீர்க்கதரிசனம் சொன்னால் நன்றாயிருக்குமே என்கிறார். யோவான் ஸ்நானனிடமும் அவருடைய சீஷர்கள்தான் வந்து எல்லாரும் இயேசுவிடம் போகிறார்கள் என்று முறையிட்டார்கள். நமக்கு வராத பொறாமையைக்கூட நமக்காகப் பட்டுத்தர எப்போதும் நான்கு பேர் தயாராக இருப்பார்கள். 'அண்ணே, உங்களை ஓரங்கட்டுறாங்க' என்று சொல்கிறவனிடம், 'சரிடா, விடு' என்பதற்கு மேல் பேச்சை வளர்க்காதீர்கள்.

யோவானைப் பற்றிச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உங்களிடம் யாராவது 'அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்' என்ற வசனத்தைச் சொல்லி உங்களை அடக்கப் பார்த்தால், அதை அப்படியே விழுங்கிக்கொள்ள வேண்டாம். அங்கே பெருக வேண்டியவர் இயேசு, கீபோர்டு வாசிக்கிற தம்பி இல்லை. சக ஊழியர்களில் ஒருவர் வளர இன்னொருவர் சிறுக வேண்டும் என்று அந்த வசனம் கேட்கவில்லை. சக ஊழியர் கணக்குக்கு 1 கொரிந்தியர் 3 பொருத்தம். பவுல் நட்டார், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினார், கொரிந்து சபை மட்டும் கட்சி கட்டிக்கொண்டு நின்றது.

இனி அந்தப் பையன். அவனிடம் போய் 'உன்மேல் எனக்குப் பொறாமை, மன்னித்துக்கொள்' என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். சொல்லச் சொல்கிற போதகர்கள் உண்டு, அதனால் இரண்டு பேரும் நண்பர்களான சாட்சிகளும் உண்டு. நான் அநேகமாக வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவனுக்குத் தெரியாத ஒரு சுமையை அவன் தலையில் இறக்கி வைப்பதாக அது முடிந்துவிடும். அதன்பிறகு உங்கள் முன்னால் அவனால் இயல்பாகப் பாட முடியாது. அவனுக்கு எதிராக ஏதாவது செய்திருந்தால் அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். மனதில் மட்டும் இருப்பதை, வாயைத் திறக்காத ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். உங்கள் சபையைச் சேராதவராக இருந்தால் இன்னும் நல்லது.

அவனிடம் செய்ய வேண்டியது வேறு. யோனத்தான் கொடுத்தது தன்னிடம் மிஞ்சிக் கிடந்த பொருளை இல்லை. அதுபோல, நீங்கள் விரும்பிச் செய்கிற வேலையில் ஒன்றை எடுத்து, நீங்களாகவே, யாரும் கேட்பதற்கு முன்னால் அவனிடம் கொடுங்கள். மே மாத வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) ஆக்‌ஷன் பாட்டுப் பயிற்சியாக இருக்கலாம், வாலிபர் முகாமில் ஒரு நாள் வேத ஆராய்ச்சியாக இருக்கலாம். நாற்காலி அடுக்குவதைக் கொடுத்துவிட்டு 'நான் கொடுத்துட்டேன்' என்று சொல்லக் கூடாது. கொடுத்தால் அதற்குத் தேவையானதையும் சேர்த்துக் கொடுங்கள்: எந்தப் பிள்ளை எந்தப் பிரிவு, யார் வீட்டில் ஆறு மணிக்கு மேல் விட மாட்டார்கள், ஆம்ப்ளிஃபயரில் எந்த வயர் லூஸ். இதைச் சொல்லித் தராமல் பொறுப்பை மட்டும் கொடுத்து அவன் திண்டாடுவதை வேடிக்கை பார்த்தால், அது சவுல் கொடுத்த ஆயிரம் பேர் அதிபதி வேலையேதான்.

உங்கள் வயதிலேயே இதைச் செய்த ஒருவர் சரித்திரத்தில் இருக்கிறார். ஜார்ஜ் விட்ஃபீல்டுக்கு 1739 பிப்ரவரியில் 24 வயது. இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற இடத்தில், கோயில் பக்கமே போகாத நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்குத் திறந்தவெளியில் பிரசங்கித்தார். சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டம். அவ்வளவு கூட்டத்தையும் வைத்துக்கொண்டு அவர் செய்தது, தன்னைவிட மூத்தவரான ஜான் வெஸ்லிக்குக் கடிதம் எழுதிக் கூப்பிட்டது. திறந்தவெளிப் பிரசங்கம் என்றாலே கூசிய வெஸ்லி ஏப்ரல் 2ஆம் தேதி அங்கே பேச ஆரம்பித்தார். விட்ஃபீல்டு அந்தக் கூட்டத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, அதே வருடம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். இதோடு நிறுத்தினால் அழகான சாட்சி. ஆனால் நடந்தது அவ்வளவு அழகாக இல்லை. யார் இரட்சிக்கப்படுவார் என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற முன்குறித்தல் உபதேசத்தில் இருவருக்கும் பெரிய சண்டை வந்தது, அச்சுப் போட்டே தாக்கிக்கொண்டார்கள். 1741ல் விட்ஃபீல்டு திரும்பி வந்தபோது பழைய கூட்டம் கலைந்திருந்தது, பலர் வெஸ்லி பக்கம் போயிருந்தார்கள். அது அவரை மிகவும் வருத்தியது. கொடுத்தவருக்கும் வலித்திருக்கிறது. பிறகு மெல்ல மெல்லச் சமாதானமாகி, 1770ல் விட்ஃபீல்டு அமெரிக்காவில் இறந்தபோது, அவர் முன்பே கேட்டுக்கொண்டபடி லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. நடுவில் முப்பது வருடம் ஓடியிருக்கிறது. அதனால் நீங்கள் ஒரு வி.பி.எஸ். பொறுப்பைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மனம் லேசாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்க வேண்டாம். ஆகியிருக்காது.

ஜெபத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள், தினமும் 'இந்தப் பொறாமையை எடுத்துப்போடும்' என்று ஜெபித்தும் அதிகமாகிறது என்று. ஒன்றை நினைக்கக் கூடாது என்று முயன்றால் அதுவே திரும்பத் திரும்ப வரும் என்பதை 1987ல் டேனியல் வெக்னர் என்பவரின் குழு வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்துக் காட்டியது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜெபமும் உளவியல் சோதனையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முழங்கால்போட்டு அரை மணி நேரம் உங்கள் பொறாமையையே பேசிக்கொண்டிருந்தால், எழும்போது மனதில் அதுதான் நிற்கும். ஜெபத்தின் பொருளை மாற்றுங்கள். அவன் பெயரைச் சொல்லி, அவனுடைய தேவைக்காக ஜெபியுங்கள். அதற்கு அவன் தேவை என்ன என்று தெரிய வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, வேலை நிரந்தரமா, புது ஊரில் தனியாகச் சாப்பிடுகிறானா? மேடையில் பார்க்கும் ஆள்மேல் வரும் பொறாமை, மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள்மேல் அவ்வளவு சுலபமாக வராது. எல்லாருக்கும் இது பலிக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பலருக்குப் பலித்திருக்கிறது.

நீங்கள் நேராக எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தவறாக இருந்தால் விட்டுவிடுங்கள். 'அவன் ஆங்கிலத்தில் ஜெபிக்கிறான்' என்று இரண்டு இடத்தில் வருகிறது. தமிழ் மீடியத்தில் படித்து, ஊரிலேயே இருந்து சபையைத் தாங்கிக்கொண்டிருக்கிற பையன்களுக்கு, பட்டணத்திலிருந்து ஆங்கிலப் பாட்டோடு ஒருவன் வந்து இறங்கும்போது வருவது வெறும் பொறாமை மட்டும் இல்லை, தாழ்வு மனப்பான்மையும் சேர்ந்துகொள்கிறது. அதில் சபைக்கும் பங்கு உண்டு. ஆங்கிலம் பேசினால் அபிஷேகம் கூடுதல் என்று நினைக்கிற மூப்பர்களை நான் பார்த்திருக்கிறேன், அது அவர்களுடைய குறை. இன்னொன்று, குருவாவதற்கான பி.டி. இறையியல் பட்டம் படிக்கப் பேராயத்தின் சிபாரிசுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறதோ என்று தோன்றுகிறது. அங்கே இடங்கள் கம்மி, போட்டி நிஜம். 'கர்த்தருடைய ஊழியத்தில் எல்லாருக்கும் இடம் உண்டு' என்ற ஆறுதல் அந்த இடத்தில் செல்லாது. அப்படி ஒரு எண்ணம் இருந்தால் அதை மறைக்காமல் குருவானவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மறைத்து வைத்த ஆசைதான் பக்கத்தில் இருப்பவன் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியையும் மிரட்டலாகக் காட்டும்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வேலையில் கவனம் நிற்காமல் சில வாரமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றால் அது வேறு விஷயம். அதை ஆவிக்குரிய போராட்டம் என்று மட்டும் நினைத்துத் தாங்கிக்கொண்டிருக்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதற்கு என் பதில் போதாது.

கடைசியாக ராஜினாமா. இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. பொறாமை ஊழியத்துக்குத் தகுதியில்லாமல் ஆக்கும் என்றால் செபெதேயுவின் குமாரர் இருவரும், அவர்கள் இயேசுவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்காரக் கேட்டதற்காக எரிச்சலான மற்றப் பத்துப் பேரும் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். உயிர்த்தெழுதலுக்குப் பிறகும் பேதுரு திரும்பிப் பார்த்து இன்னொரு சீஷனைப் பற்றிக் கேட்டார். 'உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா' என்று பதில் வந்தது, வேலையிலிருந்து நீக்கம் வரவில்லை. கோபத்தில் கொடுக்கும் ராஜினாமாவை யாராவது ஓடிவந்து தடுக்க வேண்டும் என்று மனது எதிர்பார்க்கும். யாரும் வராவிட்டால் காயம் இரண்டாகும். அதே சமயம், நான்கு வருடம் ஒரே பொறுப்பில் இருந்தது போதும் என்ற எண்ணம் உங்களுக்கு நிதானமாக வந்தால் அதில் தப்பே இல்லை. சங்கத்தின் வருடப் பொதுக்கூட்டம் வரை இருங்கள். வரவு செலவு நோட்டையும் மினிட்ஸ் புத்தகத்தையும் முடித்து, அடுத்து வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள். அடுத்து வருகிறவர் அந்தப் பையனாகவே இருந்தாலும் சிரித்த முகத்தோடு கொடுக்க முடியுமா என்று அப்போது பாருங்கள். முடியும் என்றால் இறங்கலாம், முடியாது என்றால் இன்னொரு வருடம் நிற்பது நல்லது. ராஜினாமாக் கடிதம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் பையில் போட்டுக்கொண்டு குருவானவரைப் பார்க்கப் போக வேண்டாம், பேச்சு வேறு திசையில் போகும். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடும் வேண்டாம், அன்றைக்கு அவரைச் சுற்றி நாலு கல்யாண விசாரிப்பு நிற்கும். வார நடுவில் ஒரு நாள் போன் செய்து நேரம் கேட்டுவிட்டுப் போங்கள்.